கரண்ட் போகலாம், கணக்கு போகக்கூடாது



சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி செல்லும் சாலையில் உள்ள பனவடலிசத்திரம் போன்ற ஊர்களில் கடையையும் வீட்டையும் பிரித்துப் பார்ப்பது கடினம். முன்புறம் மளிகை வியாபாரம், பின்புறம் குடித்தனம். பகல் முழுவதும் எழுதிய பில்களையும் கடன் சீட்டுகளையும் இரவு கடை அடைத்த பிறகு மகனோ மகளோ வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். அதே கம்ப்யூட்டரில்தான் பிள்ளைகளின் பாடம், குடும்பத்துப் புகைப்படங்கள், பட்டா, பத்திரம் இவற்றின் நகல் எல்லாம் இருக்கின்றன. அந்தக் கம்ப்யூட்டரையும் அதற்குள் இருக்கும் கோப்புகளையும் மின்தடையிலிருந்து காப்பது எப்படி என்பதே இந்தப் பாடம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். யு.பி.எஸ். வாங்கி வைத்தாயிற்று, இனிக் கவலை இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். யு.பி.எஸ். காப்பது கம்ப்யூட்டரை. கணக்கைக் காப்பது நகல். இரண்டும் வேண்டும். இன்றைக்கு ஒன்றுதான் முடியும் என்றால் நகலில் தொடங்குங்கள்.

மூன்று ஏடுகளும் ஒரே பெட்டியில்

நம் பெரியவர்கள் கணக்கு எழுதிய முறையை நினைத்துப் பாருங்கள். வியாபாரம் நடக்கும்போதே சிட்டையில் குறிப்பு. இரவில் அதைப் பார்த்து நாள்வழியில் பதிவு. பிறகு நாள்வழியிலிருந்து ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏற்றம். ஒரே வரவு செலவு மூன்று இடங்களில் எழுதப்பட்டது. பேரேடு மழையில் நனைந்தாலும் கரையான் அரித்தாலும் நாள்வழியை வைத்துக்கொண்டு திரும்ப எழுதிவிடலாம். நாள்வழியில் ஒரு பக்கம் கிழிந்தால் சிட்டை கைகொடுக்கும்.

கம்ப்யூட்டரில் ஒரு முறை பில் போட்டால் நாள்வழி, பேரேடு, சரக்கு இருப்பு, ஐந்தொகை எல்லாம் தானாக வந்துவிடுகின்றன. உழைப்பு மிச்சம், கூட்டல் பிழை இல்லை. ஆனால் முன்பு தனித்தனியாக இருந்த ஏடுகள் இப்போது ஒரே இடத்துக் கோப்பிலிருந்து எடுக்கப்படுகின்றன. அது கெட்டால் எல்லா ஏடுகளும் சேர்ந்தே போகும். பழைய முறையில் தானாகவே இருந்த பாதுகாப்பை இப்போது நாமாக ஏற்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

எது திரும்பக் கிடைக்கும்? எது கிடைக்காது?

2017 ஜூலை 1-ஆம் தேதி ஜி.எஸ்.டி. வந்த பிறகு நம் கணக்கில் ஒரு பகுதி அரசின் இணையதளத்திலும் இருக்கிறது. தாக்கல் செய்த விவரங்களை அங்கே பார்த்துக்கொள்ளலாம். பதிவு பெற்ற மொத்த வியாபாரியிடம் நாம் வாங்கிய சரக்கின் பில் விவரம், அவர் தாக்கல் செய்திருந்தால், ஜி.எஸ்.டி.ஆர். 2பி-யில் வந்திருக்கும். வங்கிக் கணக்கை வங்கியில் கேட்டு வாங்கலாம்.

ஆனால் யார் யார் எவ்வளவு பாக்கி என்பது எந்த அலுவலகத்திலும் இல்லை. அது நம் கணக்கில் மட்டும்தான் இருக்கிறது. மானாவாரி விவசாயி ஒருவர் ஆடியிலிருந்து கடனுக்குச் சாமான் வாங்குகிறார். உளுந்தும் மக்காச்சோளமும் விற்றுத்தான் அடைக்கப் போகிறார். தை மாதம் பணத்தோடு வந்து, “அண்ணாச்சி, நம்ம கணக்கு எவ்வளவு ஆச்சு?” என்று கேட்கிறார். அந்த நேரத்தில் கோப்பு திறக்கவில்லை என்றால் நாம் என்ன சொல்வது? கூட்டிச் சொன்னால் அவருக்குச் சந்தேகம், குறைத்துச் சொன்னால் நமக்கு நஷ்டம். நாணயமான மனிதரே ஆனாலும் ஆறு மாதத்துச் சாமானை அவரும் நினைவில் வைத்திருக்க முடியாது. பணத்தோடு சேர்ந்து பல வருடப் பழக்கமும் கெட்டுப்போகும்.

சட்டமும் இதைக் கேட்கிறது. கணக்கேடுகளை, அந்த ஆண்டுக்கான ஆண்டு விவரம் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்பது ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-ஆவது பிரிவு. கணக்கைக் கம்ப்யூட்டரில் வைத்திருப்பவர், விபத்தாலோ இயற்கைச் சீற்றத்தாலோ அது அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கும்படி முறையான நகல் வைத்திருக்க வேண்டும் என்பது விதிகளில் 57-ஆவது விதி. அதாவது நகல் எடுப்பது நம் சௌகரியத்துக்கு மட்டும் உரிய விஷயம் இல்லை, கடமையும் ஆகும்.

நம் பகுதியின் மின்சாரம்

தமிழ்நாட்டில் 2008 முதல் சில ஆண்டுகள் நிலவிய மின்பற்றாக்குறையை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2012-ல் சென்னைக்கு வெளியே நாளில் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லாத நாட்களும் இருந்தன. அந்த ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி நடந்த சங்கரன்கோவில் இடைத்தேர்தலில் மின்வெட்டு ஒரு பெரிய பேச்சாக இருந்தது. அந்த நிலை இன்று இல்லை. அதனால் நமக்குச் சற்று அலட்சியம் வந்துவிட்டது. அன்று மின்வெட்டு நேரம் தெரிந்து வேலை செய்தோம். இன்று மின்சாரம் எப்போதாவது, சொல்லாமல் போகிறது. கம்ப்யூட்டருக்குச் சொல்லாமல் போவதுதான் ஆபத்து.

மாதாந்திரப் பராமரிப்புக்கான மின்தடை பெரும்பாலும் முன்கூட்டியே செய்தித்தாளில் வந்துவிடுகிறது. அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டால் பாதித் தொல்லை குறையும். கோடை இடிமழையிலும் வடகிழக்குப் பருவமழையிலும் வரும் தடைக்கு அறிவிப்பு கிடையாது. மின்தடை பற்றிப் புகார் சொல்ல 2021 ஜூனில் தொடங்கப்பட்ட ‘மின்னகம்’ சேவையின் எண் 94987 94987. அதைக் கடைச் சுவரில் எழுதி வையுங்கள்.

நம்மைச் சுற்றிலும் காற்றாலைகள் சுழலும்போது மின்சாரம் எப்படிப் போகிறது என்று சிலர் கேட்கிறார்கள். காற்றாலை மின்சாரம் நேராக நம் தெருக் கம்பத்துக்கு வருவதில்லை. மின்தொகுப்புக்குப் போய், துணை மின்நிலையம், டிரான்ஸ்பார்மர் எல்லாம் கடந்துதான் வருகிறது. இடையில் ஒரு பீஸ் போனாலும் நம் வீட்டில் இருட்டுதான்.

கரண்ட் போகும் நொடியில் நடப்பது என்ன?

நாம் தட்டச்சு செய்வது முதலில் கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகத்தில்தான் நிற்கிறது. கல்லா மேசையில் சாக்குக்கட்டியால் எழுதிய கணக்கைப் போன்றது அது. மின்சாரம் நின்றதும் துடைத்த மாதிரி போய்விடும். ‘சேவ்’ கொடுத்த பிறகுதான் வட்டில் எழுதப்படுகிறது. சேவ் கொடுத்த பிறகும், வேகத்துக்காகச் சில நொடிகள் நினைவகத்திலேயே வைத்திருந்து பிறகு எழுதும் வழக்கமும் கம்ப்யூட்டருக்கு உண்டு.

கடைசியாகப் போட்ட ஒரு பில் போவது சின்ன நஷ்டம். கோப்பைப் பாதி எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நிற்பதுதான் பெரிய நஷ்டம். பேரேட்டில் பற்று எழுதி, அதற்கு எதிரான வரவு எழுதுவதற்குள் எழுத்தர் கையைப் பிடித்து இழுத்தால் எப்படி இருக்கும்? அப்படி அரைகுறையாக நின்ற கோப்பு மறுநாள் திறக்காமல் போகலாம். அதைவிட மோசம், திறந்துகொண்டு தப்பான கணக்கைக் காட்டுவது. விண்டோஸ் தன்னுடைய வட்டு அமைப்பைப் பெரும்பாலும் தானே சரிசெய்துகொள்ளும். கோப்புக்குள் இருக்கும் உங்கள் கணக்குச் சரியா என்று அதற்குத் தெரியாது.

ஹார்டு டிஸ்க்கில் தட்டு சுழலும்போது அதைப் படிக்கும் முனை மிக மெல்லிய காற்றுப் படலத்தின் மேல் மிதக்கிறது. மின்சாரம் நின்றால், தட்டு சுழலும் மிச்ச வேகத்திலிருந்தே சக்தி எடுத்து முனையை ஓரம் கட்டும்படி இப்போதைய டிஸ்க்குகள் அமைக்கப்பட்டுள்ளன. இருந்தாலும் அடிக்கடி இப்படி நின்றால் தேய்மானம் அதிகம். சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. வட்டும் தப்பாது. எந்த விவரம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை எழுதும்போது தடை வந்தால் சில வட்டுகள் முழுதாகவே பேசாமல் போய்விடும்.

போகும் கரண்ட்டைவிட வரும் கரண்ட்

நம் வீட்டுக்கு வர வேண்டியது 230 வோல்ட். தடை நீங்கி மின்சாரம் திரும்பும்போது தெருவில் உள்ள மோட்டார், பிரிட்ஜ், தறி எல்லாம் ஒரே சமயத்தில் இழுப்பதால் வோல்டேஜ் சில நிமிடங்கள் ஏறி இறங்கும். கம்பத்தில் நியூட்ரல் கம்பி அறுந்துபோனால் 230-க்குப் பதில் 400 வோல்ட் வரைகூட வீட்டுக்குள் வந்துவிடக்கூடும். ஆகவே கரண்ட் போனதும் கம்ப்யூட்டரை முறையாக மூடி, சுவர் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள். கரண்ட் வந்து ஐந்து நிமிடம் நிலையாக நின்ற பிறகு போடுங்கள். ஒரு பேஸ் இல்லை என்று பேஸ் சேஞ்சரைத் திருப்பும் பழக்கம் உள்ளவர்கள், கம்ப்யூட்டரை மூடிய பிறகே திருப்ப வேண்டும்.

இடி இடிக்கும்போது சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். இண்டர்நெட் கேபிளையும் கழற்றுங்கள். அது செம்புக் கம்பியாக இருந்தால் அந்த வழியாகவும் மின்னல் அதிர்ச்சி வரும். கம்ப்யூட்டர் பிளக்கின் மூன்றாவது முனை எர்த் முனை. அது உண்மையில் எர்த் கம்பியோடு சேர்ந்திருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து ஒரு தடவை பாருங்கள். ஐஸ்கிரீம் பிரீசரும் மாவு அரைக்கும் கிரைண்டரும் ஓடும் அதே பிளக் பாயிண்டில் கம்ப்யூட்டரைச் செருக வேண்டாம்.

யு.பி.எஸ்., இன்வெர்ட்டர், சோலார்

யு.பி.எஸ். என்பது தொடர்ந்து வேலை செய்வதற்கு அல்ல, முறையாக மூடுவதற்கு. வீடுகளில் பெரும்பாலும் உள்ளது 600 வி.ஏ. வகை. அதன் உள்ளே 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்று இருக்கும். பெருக்கினால் 84 வாட் மணி. கம்ப்யூட்டரும் திரையும் சேர்ந்து 120 வாட் இழுத்தால் 40 நிமிடம் வரும் என்று கணக்குப் போடத் தோன்றும். வேகமாக இழுக்கும்போது பேட்டரி முழுச் சக்தியையும் தராது, மாற்றும்போதும் கொஞ்சம் வீணாகும். புது பேட்டரியில் 15 முதல் 20 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழையதில் 3 நிமிடம் வந்தாலே பெரிது. லேசர் பிரிண்டரை யு.பி.எஸ்.ஸில் செருகவே கூடாது. சூடாகும்போது அது பல நூறு வாட் இழுக்கும்.

பேட்டரியின் ஆயுள் இரண்டு, மூன்று வருடம்தான். நம் ஊர் வெயிலில் அதுவும் குறையும். மாதம் ஒரு முறை, முக்கிய வேலை எதுவும் திறந்திருக்காதபோது யு.பி.எஸ்.ஸின் பிளக்கை அணைத்துப் பாருங்கள். 5 நிமிடம் தாங்கவில்லை என்றால் பேட்டரியை மாற்றுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்புறம் பாருங்கள். பல இன்வெர்ட்டர்களில் ‘யு.பி.எஸ்.’, ‘நார்மல்’ என்று ஒரு சுவிட்ச் உண்டு. நார்மலில் வைத்தால் கரண்ட் போய் பேட்டரிக்கு மாறும் இடைவெளி கூடுதல். விளக்கும் மின்விசிறியும் அதைத் தாங்கும், கம்ப்யூட்டர் அணைந்து எரியும். சுவிட்சை யு.பி.எஸ். பக்கம் வைத்தால் மாற்றம் வேகமாக நடக்கும். அப்போது வோல்டேஜ் சற்றுக் குறைந்தாலே அது பேட்டரிக்குத் தாவிவிடும் என்பதையும் அறிந்திருங்கள்.

மாடியில் சோலார் தகடு வைத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணைத்த சோலார், கரண்ட் போனதும் தானும் நின்றுவிடும். கம்பத்தில் வேலை செய்யும் ஊழியர் உயிருக்கு ஆபத்து வரக்கூடாது என்பதற்காகவே அப்படி அமைத்திருக்கிறார்கள். அதை நம்பி யு.பி.எஸ்.ஸைத் தவிர்க்க வேண்டாம்.

புதிதாக வாங்குபவர்களுக்கு லேப்டாப் நல்லது. உள்ளேயே பேட்டரி இருப்பதால் திடீர்த் தடையின் தொல்லை அநேகமாக இல்லை. ஆனால் லேப்டாப் கீழே விழும், திருடு போகும். நகல் அதற்கும் வேண்டும்.

நகல் எடுக்கும் முறை

1. தினமும் கணக்கு முடித்த பிறகு, கணக்கு மென்பொருளில் உள்ள ‘பேக்கப்’ வசதியைப் பயன்படுத்தி நகல் எடுங்கள். டேலி உள்பட பெரும்பாலான மென்பொருள்களில் இது உண்டு. வெறுமனே கோப்புறையைக் காப்பி செய்வதாக இருந்தால் மென்பொருளை மூடிவிட்டுச் செய்யுங்கள்.

2. மூன்று பென் டிரைவ் வாங்கி 1, 2, 3 என்று எண் ஒட்டுங்கள். இன்று ஒன்று, நாளை இரண்டு, மறுநாள் மூன்று. மூன்றின் விலையும் ஒரு மூட்டை பொன்னி அரிசி விலைக்குள் அடங்கிவிடும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் செருகுங்கள். நகல் எடுக்கும்போதே கரண்ட் போனால் அந்த ஒன்றோடு போகட்டும்.

3. ஒவ்வொரு நகலுக்கும் தேதியைப் பெயராக வையுங்கள். நேற்றைய நகலின் மேலேயே இன்றையதை எழுதினால், இன்று கோப்பு கெட்டிருந்தால் நல்ல நகலும் கெட்டுவிடும். இண்டர்நெட்டில் தானாக நகல் எடுக்கும் வசதியிலும் இதே ஆபத்து உண்டு. கெட்ட கோப்பையும் அது விசுவாசமாக மேலே ஏற்றிவிடும்.

4. எழுதி முடித்ததும் முறையாக ‘எஜெக்ட்’ கொடுத்துக் கழற்றுங்கள். செருகியபடியே விட்டால் வோல்டேஜ் அதிர்ச்சியிலோ வைரஸிலோ கம்ப்யூட்டரோடு சேர்ந்து அதுவும் போகும்.

5. ஒரு நகல் வேறு கூரையின் கீழ் இருக்க வேண்டும். வாரம் ஒரு முறை சங்கரன்கோவிலுக்குச் சரக்கு எடுக்கப் போகும்போது அங்குள்ள மைத்துனர் வீட்டிலோ சகலை கடையிலோ ஒரு பென் டிரைவைக் கொடுத்துப் பழையதை வாங்கி வரலாம். உங்கள் ஈமெயிலுக்கே அந்தக் கோப்பை அனுப்பி வைப்பதும் எளிய வழி. கோப்புக்குக் கடவுச்சொல் வைத்து, அதைக் குடும்பத்தில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.

வேறு கூரை எதற்கு என்று கேட்கலாம். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயலில் டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல ஊர்கள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் தென்மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. அத்தகைய வெள்ளம் கடைக்குள் வந்தால் கம்ப்யூட்டரும் யு.பி.எஸ்.ஸும் மேசை இழுப்பறையில் இருக்கும் மூன்று பென் டிரைவுகளும் ஒன்றாகவே நனையும்.

6. மாதம் ஒரு முறை நகலைத் திறந்து பாருங்கள். திறக்காத நகல், எண்ணிப் பார்க்காமல் வாங்கிய பணக்கட்டுக்குச் சமம். சோதிக்கும்போது தனியாக ஒரு கோப்புறையில், முடிந்தால் வேறு கம்ப்யூட்டரில் திறங்கள். நடப்புக் கணக்கின் மேலேயே பழைய நகலைப் போட்டால் இடைப்பட்ட நாட்களின் பதிவு அழிந்துவிடும். நாலு பேருடைய பாக்கியைக் கடன் சீட்டோடு ஒப்பிட்டுச் சரியாக இருந்தால் நகல் நல்ல நகல்.

காகிதத்தைக் கைவிட வேண்டாம்

வாரம் ஒரு முறை பாக்கிப் பட்டியலை மட்டும் ஒரு தாளில் அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். ஐம்பது, அறுபது பேர் கணக்கு இரண்டு தாளில் அடங்கிவிடும். கரண்ட் இல்லாத நாளிலும் வந்த வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லலாம். கடன் சீட்டில் வாங்குபவரின் கையெழுத்தையும் வாங்கி வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 28-ஆவது பிரிவு, முறையாக எழுதிவரும் கணக்கேட்டை, கம்ப்யூட்டரில் உள்ளதையும் சேர்த்து, சாட்சியமாக ஏற்கிறது. ஆனால் அந்தப் பதிவை மட்டும் வைத்து ஒருவர் மேல் கடனைச் சுமத்த முடியாது என்றும் சொல்கிறது. பழைய சாட்சியச் சட்டத்தின் 34-ஆவது பிரிவும் இதையே சொன்னது. பேரேட்டுக்குத் துணையாகச் சிட்டை வேண்டும் என்று நம் பெரியவர்கள் வைத்த முறை சட்டத்துக்கும் பொருந்துகிறது.

கரண்ட் போனதும் செய்ய வேண்டியது

கையில் உள்ள பில்லை முடித்து சேவ் செய்க. கணக்கு மென்பொருளை மூடுக. கம்ப்யூட்டரை முறையாக நிறுத்துக. யு.பி.எஸ்.ஸையும் சுவர் சுவிட்சையும் அணைக்க. அதற்குப் பின் வரும் வியாபாரத்தைச் சிட்டையில் எழுதுக. கரண்ட் வந்து ஐந்து நிமிடம் கழித்துப் போட்டு, கடைசி ஐந்து பில்கள் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்த பிறகு சிட்டையை ஏற்றுக. இதை ஒரு அட்டையில் எழுதிக் கம்ப்யூட்டர் பக்கத்தில் மாட்டி, கடைப் பையனுக்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். கரண்ட் போகும் நேரத்தில் முதலாளி கொள்முதலுக்குப் போயிருக்கலாம்.

இன்று இரவு கடை அடைத்ததும் முதல் நகலை எடுத்து, தேதி எழுதி வையுங்கள். யு.பி.எஸ். பேட்டரியை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.